ஆமா, கட்டிப்பிடிச்சேன்

மொதல்ல அந்த ஃபோன உள்ள வையுங்க மைனி. பாத்துட்டேன். நல்லாவே பாத்துட்டேன். நம்ம தெருவுல அதப் பாக்காத ஆளே பாக்கியில்ல. பள்ளிவாசல் மோதினார்கூட நேத்து என்னக் கண்டதும் தலையக் குனிஞ்சுக்கிட்டு அந்தாக்குல ஒதுங்கிப் போறாரு. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டம், நடுவுல நானு, அவுக, பின்னால ஒரு காதல் பாட்டு. தாத்தா பாட்டி லவ்வுன்னு மேல எழுத்து வேற. பாட்டியாம்லா பாட்டி! எனக்குக் காதுக்குப் பின்னால நாலு முடி நரைச்சிருக்கு, அதுவும் புர்காவுக்குள்ள கெடக்கு. எவன் கண்ணுல பட்டுச்சுன்னு தெரியல.

ஆமா, கட்டிப்பிடிச்சேன். இல்லன்னு நான் சொல்லவே இல்லியே. எம் புருசனத்தான கட்டிப்பிடிச்சேன், அடுத்த வீட்டுக்காரரையா போய்க் கட்டிப்பிடிச்சேன்?

உக்காருங்க. நின்னுக்கிட்டே சண்ட போட்டா நமக்குத்தான் முட்டு வலிக்கும். இந்தாங்க, டீயக் குடிங்க, சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன். நீங்க பேசுங்க, நான் இந்த முட்டைய உரிச்சுக்கிட்டே கேக்கேன். அவுக குளிக்கப் போயிருக்காக. வர நேரமாகும்.

ஆமா, இன்னைக்கும்தான் போறோம். குண்டாறு டேமுக்கு. எலுமிச்சம்பழச் சோறு கிண்டியாச்சு, முட்டை அவிச்சாச்சு, ஃபிளாஸ்க்குல சுக்குக்காப்பி ஊத்தியாச்சு. நீங்க இப்ப வந்து நிப்பாட்டணும்னா, ஒரு மணி நேரம் முந்தியாவது வந்திருக்கணும்.

நீங்க என்ன சொல்ல வந்தியன்னு எனக்குத் தெரியாதா? உங்க சின்னவன் ரபீக்குக்கு அடுத்த மாசம் நிச்சயம். பொண்ணு வீட்டுக்காரங்க இந்த வீடியோவப் பாத்துட்டு, இவுகளா உங்க மூத்த மருமவளப் பெத்தவுகன்னு கேட்டுட்டாக. உங்களுக்கு மானம் போயிட்டு. இனிமே நாங்க ரெண்டு பேரும் ஊர் சுத்துதத நிப்பாட்டணும். இல்லன்னா எம்மவ அஃப்ஷான் உங்க வீட்டுல தல நிமிந்து நடமாட முடியாது. அவ்வளவுதான? இதச் சொல்லத்தான ஆட்டோ பிடிச்சு வந்திய?

அவளும் ஃபோன் போட்டு அழுதா. உம்மா, எனக்காக இனி எங்கயும் போவாதீங்கம்மான்னு. நான் சொல்லிட்டேன். உனக்காகக் கண்ணக் கேளு, நோண்டித் தாரேன், இத மட்டும் கேக்காதட்டின்னு. உங்களுக்கும் அதே பதில்தான் மைனி. நீங்க எனக்குச் சம்பந்தி, உங்க மேல மரியாத இருக்கு, ஆசிக் மாதிரி ஒரு மருமவன் கெடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும். எல்லாம் சரிதான். ஆனா நாங்க போவோம். இன்னைக்கு குண்டாறு, நாளைக்கு வேற எங்கயாவது.

என்னது? வயசா?

எங்களுக்கு நிக்காஹ் ஆகி எத்தன வருசம் ஆச்சுன்னு எல்லாரும் கணக்கு வைக்கிய. நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல எத்தன நாளு இருந்திருக்கோம்னு யாராவது கணக்கு வச்சியளா? கல்யாணப் பந்தல் பிரிச்ச கையோட ஜித்தாவுக்கு ஏறிப் போனவுக. அங்கன பக்காலாவுல, அதான் மளிகைக் கடையில, சாமான் எடுத்துக் குடுக்க நின்னவுக, அப்படியே நின்னுட்டாக. உங்க வீட்டு அண்ணன் கெட்டிக்காரக. வெரசா துபாய விட்டு வந்து பஸ்டாண்டு பக்கத்துல கட வச்சுட்டாக. தெனமும் மத்தியானம் நீங்க சோறு போட, அவுக திங்க, ரெண்டு பேரும் சண்ட போட, அப்படியே காலத்த ஓட்டிட்டிய. எனக்குச் சண்ட போடக்கூட ஆளு இல்ல. ஃபோன்ல சண்ட போட்டா பாதியில கட் ஆயிரும். பாக்கிச் சண்டய நான் அடுப்படியில நின்னு சட்டிப்பானகிட்ட போடணும்.

லீவுல வருவாக. லீவு! அது என்ன லீவு? வந்து எறங்குத அன்னைக்கு வீடு கொள்ளாத கூட்டம். பெட்டியப் பிரிக்கதப் பாக்க ஒரு கூட்டம், கோடாலித் தைலம் எனக்கு வரலியேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட ஒரு கூட்டம். பொறவு கல்யாண வீடு, மவுத்து விழுந்த வீடு, சுன்னத் வீடு. வெளிய போனா வேன் பிடிச்சு குடும்பத்தோட போவணும், நான் பின்னாடி சீட்டுல பிள்ளையளோட, அவுக முன்னாடி டிரைவர் பக்கத்துல. கடைசி வாரம் திரும்பப் பெட்டி கட்டுதது. ரூம்ல இருக்கவன் அம்புட்டுப் பேருக்கும் சிப்ஸ், முறுக்கு, ஊறுகா. லீவுல வந்தா அவுக எனக்குப் புருசன் இல்ல மைனி, ஊருக்கே விருந்தாளி.

அந்த லீவும் எப்பங்கிய? மாசி பங்குனில. ஆனி ஆடில பள்ளிக்கூடம் லீவுன்னு குடும்பத்தோட இருக்கவங்க எல்லாம் கெளம்பிருவாங்க. கடைய யாரு பாக்க? ரூம்ல தனியாக் கெடக்கவன்தான் பாக்கணும். அதனால சீசன் நேரத்துல அவுகளுக்கு லீவே குடுக்க மாட்டான் மொதலாளி. தென்காசில பொறந்த மனுசன், நெனச்சுப் பாருங்க. மெட்ராஸ்காரன் வந்து குளிக்கான், கொல்லத்துக்காரன் வந்து குளிக்கான், எவனெவனோ எண்ணெயத் தேச்சுக்கிட்டு வந்து நிக்கான். நம்ம ஆளு பங்குனி வெயில்ல மெயின் ஃபால்ஸுக்குப் போய் மொட்டப் பாறையப் பாத்துட்டு வருவாக. ஜித்தாவுல கூட இருந்த மலப்புறத்துப் பையன் கேப்பானாம், இக்கா, நிங்கட குற்றாலம் எங்ஙனே, எப்படி இருக்கும்னு. இவுக சின்னப் பிள்ளையில டவுசரோட போய் நின்னதச் சொல்லிச் சமாளிப்பாகளாம்.

நான் மட்டும் பாத்தனாக்கும்? புருசன் வெளிநாட்டுல இருக்கும்போது பொண்டாட்டி சாரல்ல நனைஞ்சுக்கிட்டு வந்தா தெருவுல என்ன பேசுவாகன்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? நீங்களே பேசுவிய. கோவப்படாதிய, சும்மா சொல்லுதேன். காயப் போட்ட துணிய எடுக்க மாடிக்குப் போவேன். அங்கனருந்து மலை தெரியும். மேகம் எறங்கி வந்து, நடுவுல வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சா தண்ணி விழுதுன்னு அர்த்தம். அதப் பாத்துட்டுத் துணிய எடுத்துக்கிட்டு கீழ எறங்கிருவேன். என் குற்றாலம் அவ்வளவுதான்.

இப்ப அவுக வந்துட்டாக. பெட்டியோட, ஒரேயடியா வந்துட்டாக. நீங்கள்லாம் வந்து பாத்திய, போதும்னு வந்துட்டியளா, நல்லதுன்னு சொன்னிய. பொறவு என்ன நெனச்சிய? காலையில தொழுதுட்டு வந்து பேப்பர் படிப்பாக, சாயங்காலம் பள்ளிவாசல் வாசல்ல நாலு பேரோட உக்காந்திருப்பாக, நான் வீட்டுக்குள்ள ஆட்டுக்கால் சூப்பு வச்சுக் குடுப்பேன்னு நெனச்சிய. அந்த வேலையே கெடையாது.

ஆனி மாசம் மொதச் சாரல் விழுந்த அன்னைக்கு, ஏங்க வாங்கன்னு கூட்டிக்கிட்டுப் போனேன். பழைய குற்றாலம். டவுன் பஸ்ஸுல. மைனி, அவுக அந்தத் தண்ணியப் பாத்த மொகத்த நீங்க பாத்திருக்கணும். அப்படியே நின்னுட்டாக. சட்டையக்கூடக் கழத்தல, செருப்போட உள்ள போயிட்டாக. தண்ணி தலையில அடிக்க அடிக்க, உள்ள நின்னு என் பேரச் சொல்லிக் கூப்பிடுதாக. ஜைனப், ஜைனப்னு. அங்கன நின்ன கூட்டம் பூரா திரும்பிப் பாக்கு. எனக்கு வெக்கமா இருந்துச்சாங்கியளா? இல்ல. பெருமையா இருந்துச்சு. நானும் பொம்பளைய பக்கம் போய் புர்காவோட நின்னேன். நனைஞ்சுதான் போச்சு. துணிதான, காயாதா?

அன்னைக்குப் பிடிச்ச ஆசை. ஐந்தருவி, புலியருவி, அடவிநயினார் டேம், கோட்டவாசல் தாண்டி ஆரியங்காவு, அங்கருந்து பதிமூணு கண் பாலம். ஒரு நாளு நெற்கட்டும்செவல் அரண்மனைக்கும் போனோம். சுத்தி வெயிலு, உள்ள போனா குளுகுளுன்னு இருக்கு. அவுக சுவரத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டே வந்தாக. ஜைனப், இந்த இடம் எனக்குத் தெரியும், இந்தச் சுவரு முடியுத இடத்துல ஒரு சந்து வரும், அதுல திரும்புனா நம்ம மளிகைக் கடைன்னாக. காவலுக்கு நின்ன அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரிச்சாரு. ராஜா அரண்மனைக்குப் பின்னால மளிகைக் கடையா பாய்னு. நானும் கூடச் சேந்து சிரிச்சேன்.

பண்பொழிக்கா? போனோமே. யாரு சொன்னா? ஓ, எதிர்வீட்டுக் காளீஸ்வரி பாத்துட்டு வந்து சொன்னாளாக்கும். ஆமா, திருமலைக்கோயில் மலைக்குத்தான் போனோம். கோயிலுக்குள்ள போவல, மேல ஏறுத ரோட்டுல ஒரு வளைவு வரும், குட்டச் சுவரு இருக்கும், அங்கன உக்காந்திருந்தோம். மலைய அல்லாதான படைச்சான். வேற எவன் படைச்சான்? பூக்காரி உலகம்மாள் தன் சாக்க விரிச்சு உக்காருங்க பாய் அம்மான்னு எடம் குடுத்தா. அவளுக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு எதுக்கு?

சொல்லுதேன் கேளுங்க, நான் போன இடத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். அவுகளுக்குத் தண்ணி வேணும், எனக்கு உயரம் வேணும். அந்தச் சுவத்துல உக்காந்தா கீழ பூரா பச்ச. வயலு, கொளம், தென்னந்தோப்பு, திரும்பவும் வயலு. செங்கோட்டைக்குப் போற ரயிலு சின்னப் பிள்ளையள் இழுத்துட்டுப் போற தீப்பெட்டி வண்டி கணக்கா போகும். பின்னால மலையிலருந்து சாரல் வந்து கழுத்துல படும். கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டே இருப்பேன். அவுகதான் கேப்பாக, நம்ம வீடு எங்கன இருக்குன்னு. நான் கைய நீட்டி, அன்னா அந்த வெள்ளைக் கட்டடம், அதுக்குப் பக்கத்துலதாம்பேன். செத்த நேரம் கழிச்சுத் திரும்பக் கேப்பாக. திரும்பக் காட்டுவேன். அங்கருந்து நம்ம வீடு எங்க தெரியுதுக்கு? ஏதோ ஒரு வெள்ளையக் காட்டுவேன். ஒரு தடவ ஐஸ் ஃபேக்டரியக் காட்டிட்டேன். அதுக்கும், ஆமா, பெயிண்டு அடிச்சிருக்கியே, நல்லா இருக்குன்னாக.

சிரிக்கியள்லா? சிரிங்க. இந்த வீட்டுல சிரிப்புக்குக் கொறச்சல் இல்ல.

ஆமா, கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் போறேன். அதுவும் தெரியும், நம்ம தெரு ஃபாயிஸா சொல்லித்தான இருப்பா. பஸ்ஸுல, கடைத்தெருவுல, ரோட்டக் கடக்கையில, எல்லா இடத்துலயும் பிடிச்சுக்கிட்டுத்தான் போறேன். புதுசாக் கல்யாணம் ஆனவளா இவன்னு கேக்காளாம். ஆமான்னு சொல்லுங்க அவகிட்ட. எனக்கு இப்பத்தான் கல்யாணம் ஆகியிருக்கு. கைய விட மாட்டேன். ஜமாத்தே கூடி வந்து சொன்னாலும் விட மாட்டேன்.

சிப்ஸ்? அத எதுக்கு இப்ப கேக்கிய? ஆமா, ஒவ்வொரு தடவையும் பிரானூர்ல பரோட்டா தின்னுட்டு வரும்போது கட்டுக் கட்டா சிப்ஸு வாங்குதாக. நான் வேண்டாம்னா கேக்கணும்லா? வீட்டுல ரெண்டு பேரு, எம்புட்டத் திங்க? அதான் அஃப்ஷானுக்குக் குடுத்து விடுதேன். வெரதா வேஸ்ட் பண்ணுதோம்னு சொல்லுதிய, அந்தச் சிப்ஸ உங்க வீட்டுல யாரு தின்னா? போன வாரம் நேந்திரங்கா நல்லா இருந்துச்சு, மொளகுத் தூள் போட்டது இல்லியான்னு ஆள் விட்டுக் கேட்டது யாரு?

சரி, சரி. வேடிக்கைக்குச் சொன்னேன். டீ ஆறுதே, குடிங்க.

என்ன?

இல்ல. அது முடியாது மைனி. பொண்ணு வீட்டுக்கு அவுக வர மாட்டாக. நான் வாரேன். வீடியோவப் பத்தி நான் பேசுதேன், என்ன கேட்டாலும் பதில் சொல்லுதேன், தேவைன்னா மன்னிப்பும் கேக்கேன். அவுகள வச்சு ஒரு வார்த்த பேசச் சொல்லாதிய. ஆம்பள பேசுனாத்தான் மதிப்பாகன்னா, அண்ணன் பேசட்டும், ஆசிக் பேசட்டும்.

கௌரவம் ஒண்ணும் இல்ல. யாரு தலக்கனம் பிடிச்சவுக, அவுகளா? அவுகளப் பத்தி அப்படிச் சொல்லாதிய. என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க.

மெதுவாப் பேசுங்க. உள்ள தண்ணிச் சத்தம் நின்னுட்டு.

அந்த வீடியோவ முழுசாப் பாத்தியளா? நான் ஓடி வருதேன், கட்டிப்பிடிக்கேன், அழுவுதேன். அழுதது தெரியுதா அதுல? தெரியாது. வீடியோ எடுத்தவன் பாட்டுப் போட்டுட்டான்லா. நான் போட்ட சத்தத்த எடுத்துட்டுப் பாட்டுப் போட்டுட்டான். அதுக்கு முந்தி நடந்தத எவனும் எடுக்கல.

சூரியகாந்தி இந்தத் தடவ ஆள் உயரத்துக்கு நிக்கு. போட்டோ எடுக்கப் பிள்ளையள் அங்கயும் இங்கயும் ஓடுதுக. ரோட்டோரத்துல ஒரு பாட்டில் தண்ணி வாங்க நான் கைய விட்டேன். தண்ணி வாங்குத நேரந்தான். திரும்பிப் பாத்தா ஆளக் காணும். கூப்பிட்டேன், பதில் இல்ல. உள்ள எறங்கிட்டேன். எல்லாப் பூவும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு நிக்கு, எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரி இருக்கு. செடி மூஞ்சியில அறுக்கு. கெணறு கெடக்கும், பம்புசெட்டுத் தொட்டி கெடக்கும், அந்தப் பக்கம் போனா மெயின் ரோடு. செடிய மிதிக்கியேன்னு திட்டிக்கிட்டு வந்த தோட்டக்காரரு பலவேசம் அண்ணாச்சி, எம் மூஞ்சியப் பாத்துட்டு, திட்டுதத விட்டுட்டு, அவரும் கூடச் சேந்து தேடுதாரு. பாய், பாய்னு கூப்பிடுதாரு. நான் அவுக பேரச் சொல்லியே கூப்பிட்டேன். கிதிர் முகம்மதுன்னு. நிக்காஹ் ஆன நாள்லருந்து ஒரு தடவகூட அவுக பேர வாயால சொன்னதில்ல. அன்னைக்குச் சுந்தரபாண்டியபுரம் பூரா கேக்குத மாதிரி கத்துனேன்.

தோட்டத்து நடுவுல நின்னாக. கையில ஒரு பூவு. என்னப் பாத்து, ஜைனப், வண்டி வந்துட்டா, ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சே, யார்கிட்டயும் சொல்லிக்கிடாம கெளம்புதோமேன்னாக.

கட்டிப்பிடிச்சேன். நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பிய?

அவுகளுக்கு மறந்துக்கிட்டு வருது மைனி. வேலை போதும்னு அவுக வரல, அனுப்பி வச்சாக. சில்லறயத் தப்பாக் குடுத்திருக்காக, தொறந்த கடைய அப்படியே போட்டுட்டு நடந்திருக்காக. கடைக்கும் ரூமுக்கும் நடுவுல ஒரே ஒரு சந்துதான், அதுல வழி தெரியாம நின்னுருக்காக. அந்த மலப்புறத்துப் பையன்தான் கூடவே பிளேன் ஏறி வந்து, திருவனந்தபுரத்துல என் கையில பிடிச்சுக் குடுத்துட்டு, இத்தான்னு என்ன அக்கா முறையாக் கூப்பிட்டு, பத்திரமாப் பாத்துக்கிடணும்னு சொல்லிட்டு, மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போனான். திருநெல்வேலியில பெரிய டாக்டர்ட்ட காட்டுனேன். கூடிக்கிட்டே போகும், குறையாதும்மான்னுட்டாரு. முந்தி நடந்தது கடைசி வரைக்கும் நிக்குமாம். நேத்து நடந்ததுதான் மொதல்ல போகுமாம்.

அஃப்ஷானுக்குத் தெரியாது. சொல்லணும். சொல்லிட்டா அவ இங்கன வந்து உக்காந்து, வாப்பா மூஞ்சியப் பாத்துப் பாத்து அழுவா. ஊரு பூரா வந்து பாக்கும். என்னைய யாருன்னு தெரியுதா, என்னைய யாருன்னு தெரியுதான்னு ஒவ்வொருத்தியா முன்னால வந்து நின்னு கேப்பா. பரீச்ச வைப்பாக மைனி. பதில் தெரியாம அவுக தலையக் குனிஞ்சு நிக்கத நான் பாக்க மாட்டேன். அதுக்குத்தான் காலையில கதவப் பூட்டிக்கிட்டுக் கெளம்பிருதேன். அருவிகிட்ட, மலகிட்ட, கொளத்துகிட்ட. அதுக எதுவும் பேரு கேக்காது.

அழுவாதிய. ஏன் அழுவுதிய? நான் அழுதனா?

வீட்டோட வச்சுக்கிடலாம்தான். நானும் செஞ்சு பாத்தேன். வந்த புதுசுல, உக்காருங்க, இனி நீங்க எங்கயும் போவாண்டாம், வேலையெல்லாம் முடிஞ்சு போச்சுன்னேன். அவுக அன்னைக்குப் பூரா கட்டிலு ஓரத்துல உக்காந்து, என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டானா ஜைனப், நான் என்ன தப்புச் செஞ்சேன், பிள்ளையக் கரையேத்தணுமேன்னு அழுதுக்கிட்டே இருந்தாக. மறுநாளு மறந்துட்டாக. நான் மறக்கல. அதோட சரி. அந்த வார்த்தைய இந்த வீட்டுல திரும்ப யாரும் சொல்லக் கூடாது, நீங்களும்தான்.

அவுக லீவுல வந்திருக்கதா நெனச்சுக்கிட்டு இருக்காக மைனி. தெனமும் காலையில எந்திரிச்சு அதத்தான் கேக்காக, ஏட்டி, எனக்கு எப்ப டிக்கெட்டுன்னு. இன்னும் நாளு கெடக்கு, எங்கயாவது போயிட்டு வருவமான்னு நான் கேப்பேன். ஆமா, போறதுக்குள்ள ஒரு இடமாவது பாத்துருவம், வேற யாரையும் கூப்பிடாத, நாம ரெண்டு பேரு மட்டும் போவம்னு சொல்லுதாக. அத்தன லீவுலயும் ஒரு நாளாவது இதச் சொல்ல மாட்டாகளான்னு நான் காத்துக் கெடந்தேன். இப்பத் தெனமும் சொல்லுதாக. இத நான் வேண்டாம்னு சொல்லணுமாக்கும், உங்க பொண்ணு வீட்டுக்காரங்களுக்காக?

இந்தாங்க, மொகத்தத் தொடைங்க. வாராக. அன்னா, தலகூடத் துவட்டாம வாராக பாருங்க.

வாங்க, வாங்க. துண்ட எடுத்துட்டு வாரேன். இவுக ஆசிக்கோட உம்மா, நம்மளப் பாத்துட்டுப் போவம்னு வந்திருக்காக. ஆமா, எல்லாம் எடுத்து வச்சாச்சு, கெளம்ப வேண்டியதுதான்.

மைனி, காதக் குடுங்க, இப்ப உங்ககிட்ட அவுக மொதல்ல அதத்தான் கேப்பாக, டிக்கெட்டு எப்பன்னு. கடையில இன்னும் கொஞ்சம் லீவ நீட்டிக் குடுத்திருக்காகளாம் அண்ணேன்னு சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க.